மெட்டலா, பிளாஸ்டிக்கா, ரெசினா? போர் விளையாட்டு மினியேச்சர் வாங்கும் முன் ஒரு முழுமையான வழிகாட்டி

சின்னச் சின்ன வீரர் உருவங்களை (மினியேச்சர்) மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த விளையாட்டு, எந்தப் படை என்று முடிவு செய்த கையோடு இன்னொரு கேள்வியில் வந்து நிற்பார்கள். ஒரே மாதிரி வீரன் மெட்டலிலும் கிடைக்கிறான், பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறான், ரெசினிலும் கிடைக்கிறான். எதை வாங்குவது? நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒவ்வொருவரும் தங்கள் அலமாரியில் இருக்கும் படையை மனதில் வைத்துத்தான் சொல்வார்கள்.

என் கருத்து இது: படைக்கு மொத்தமாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், உருவத்துக்கு உருவம் தேர்ந்தெடுங்கள். அந்த உருவம் மேசையில் என்ன வேலை செய்யப்போகிறது, எத்தனை தடவை கை படப்போகிறது, அதை ஒட்டிச் சேர்க்கப்போகிறவருக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பது தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். மீதிப் பாதிக்கு, இந்தப் பொருட்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: வாங்கும் முன் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் அளவு. 6, 10, 15, 28 மி.மீ. என்று உருவங்கள் வருகின்றன; நிற்கும் வீரனின் தோராயமான உயரம் அது. 6 மி.மீ. வீரனுக்குச் சரியான பொருள் 28 மி.மீ. வீரனுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்தது எண்ணிக்கை. பத்துப் பேர் மோதும் சிறு சண்டைக்கும், இருநூறு பேர் வரிசையாக நிற்கும் பெரும்போருக்கும் கணக்கு வேறு. மூன்றாவது பயணம்: படை வீட்டிலேயே இருக்குமா, வாரா வாரம் பையில் ஏறி வெளியே போகுமா? நான்காவது கை. பெரியவர்கள் மட்டும் எடுத்து நகர்த்துவார்களா, சிறுவர்களும் விளையாடுவார்களா?

இதைத் தாளில் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள். ஒவ்வொரு படியிலும் இது தேவைப்படும்.

படி 2: உருவம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரு பொருளின் நல்லது கெட்டது எல்லாம் அதை வார்க்கும் அச்சிலிருந்துதான் வருகிறது.

மெட்டல் உருவங்களை வட்டமான ரப்பர் அச்சில் வார்க்கிறார்கள். அச்சைச் சுழலவிட்டு, நடுவில் உள்ள துளை வழியாக உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுழற்சி வேகத்தில் உலோகம் ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு குழிக்கும் பாயும். இன்று பெரும்பாலும் வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட கலவைதான் பயன்படுகிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் ரப்பர் தாங்குகிறது. இந்த ரப்பர் அச்சைச் செய்ய அதிகம் செலவாகாது. அதனால்தான் ஓரிருவர் நடத்தும் சிறு நிறுவனம்கூட யாரும் தொடாத ஒரு போரின் யாரும் தொடாத ஒரு படைப்பிரிவை மெட்டலில் கொண்டுவர முடிகிறது. ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால், உள்வாங்கிய மடிப்புகளும் ஓரளவு வரும்.

கடினப் பிளாஸ்டிக் இதற்கு நேர் எதிர். இரண்டு உலோக அச்சுகளை இறுக்கி மூடி, உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். அச்சு செய்யத்தான் பெரும் செலவு. அது முடிந்துவிட்டால் ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. ஆகவே நிறைய விற்கும் என்று நம்பிக்கை உள்ள காலாட்படை, குதிரைப்படை, பிரபலமான டாங்கி இவைதான் பிளாஸ்டிக்கில் வரும். இன்னொன்றும் உண்டு. உலோக அச்சு வளையாது. உள்ளே கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் எந்த வடிவத்தையும் அதிலிருந்து எடுக்க முடியாது. மார்பின் குறுக்கே துப்பாக்கியைப் பிடித்திருக்கும் வீரனைத் தலை, கை, உடல் என்று தனித்தனியாகப் பிரித்துத் தருவதற்குக் காரணம் இதுதான். பிரிக்காமல் ஒரே துண்டாகத் தந்தால் பக்கவாட்டில் விவரங்கள் மழுங்கியோ, நிரம்பியோ போய்விடும். பிளாஸ்டிக் பெட்டி வாங்கும்போது படத்தில் முன்பக்கத்தை மட்டும் பார்க்காமல் விலாப் பக்கத்தையும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரெசின் இரண்டு திரவங்களைக் கலந்து சிலிகோன் அச்சில் ஊற்றுவது. சில நிமிடங்களில் இறுகிவிடும். சிலிகோன் நன்றாக வளையும் என்பதால் ஆழமான மடிப்பு, திறந்த வாய், சங்கிலிக் கண்ணி எல்லாம் அப்படியே பதியும். ஆனால் அந்த அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே தேய்ந்து கிழிய ஆரம்பிக்கும். தொழிலாளியின் கையும் நேரமும் ஒவ்வொரு பிரதிக்கும் செலவாகிறது. எனவே ரெசின் எப்போதும் குறைந்த எண்ணிக்கையில், கூடுதல் விலையில் வரும். தேய்ந்த அச்சில் வார்த்த பிரதியும் புது அச்சில் வார்த்த பிரதியும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: "பிளாஸ்டிக்" என்று போட்டிருந்தால், எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பிளாஸ்டிக் என்ற ஒரே சொல்தான் இருக்கும். உள்ளே இருப்பது முற்றிலும் வேறு வேறு பொருளாக இருக்கலாம்.

ஸ்ப்ரூ என்கிற சட்டத்தோடு, துண்டுகள் அதில் ஒட்டியபடி வந்தால் அது பெரும்பாலும் கடினப் பாலிஸ்டைரீன். வேலை செய்ய இதைவிட வசதியான பொருள் கிடையாது. கத்தியால் வெட்டலாம், அரத்தால் ராவலாம், பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை போட்டால் இரண்டு துண்டும் உருகி ஒன்றாகவே ஆகிவிடும்.

போர்டு கேம்களில் ஒட்டிச் சேர்த்த நிலையில் வரும் உருவங்கள் பெரும்பாலும் பிவிசி வகை. கொஞ்சம் வளையும், ரப்பர் போன்ற தொடுகை இருக்கும். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தின் மூலம் பெரிதாகப் பரவிய ரீப்பர் நிறுவனத்தின் போன்ஸ் வரிசையும் இந்தக் குடும்பம்தான். கீழே விழுந்தாலும் உடையாது. சிறுவர்கள் கையாளும் படைக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பிளாஸ்டிக் சிமென்ட் இதில் பிடிக்காது. சூப்பர் க்ளூதான் வேண்டும். அச்சுக்கோட்டை (அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் உருவத்தில் படியும் கோடு) அரத்தால் தேய்த்தால் பஞ்சு மாதிரி பிசிறு கிளம்பும். புது பிளேடால் மெல்லச் சீவி எடுக்க வேண்டும். வாள்களும் ஈட்டிகளும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கோணலாக இருக்கும்.

1959இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தொடங்கிவைத்த சின்ன வீரர்கள் வரிசையில் வருபவர்கள், இப்போது 1/72 (உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு) என்று விற்கப்படுகிறவர்கள், இன்னும் மிருதுவான பிளாஸ்டிக். ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். பெரும்படையைக் குறைந்த செலவில் திரட்ட அருமையான வழி. பெயின்ட் உரிவதுதான் தீராத தொல்லை. சோப்பு நீரில் கழுவி, நல்ல பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) அடித்து, மேலே வளைந்து கொடுக்கும் வார்னிஷ் பூசினால் ஓரளவு நிற்கும்.

அண்மையில் சியோகாஸ்ட் என்ற இன்னொரு வகை வந்திருக்கிறது. ரப்பர் வகை அச்சில் செலுத்தி வார்க்கும் ஒருவித நெகிழ் பிளாஸ்டிக் அது. ரெசின் என்ற பெயரிலும் விற்கப்படுவதுண்டு. பசை விஷயத்திலும் அச்சுக்கோடு விஷயத்திலும் இதைப் பிவிசி மாதிரி நடத்துங்கள்.

படி 4: ரெசினிலும் இரண்டு ஜாதி உண்டு

சிலிகோனில் வார்க்கும் பாலியூரித்தேன் ரெசின் ஒன்று. 3டி பிரின்டரில் ஒளிபட்டு இறுகும் ரெசின் இன்னொன்று.

வார்ப்பு ரெசினில் பார்க்க வேண்டியது காற்றுக்குமிழி. உருவத்தை விளக்குக்குக் கீழே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விரல் நுனி, மூக்கு, தொப்பி விளிம்பு, வாள் முனை இந்த இடங்களில் குண்டூசித் தலையளவு குழி இருந்தால் நிழல் விழும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பிரைமர் அடித்த பிறகுதான் பளிச்சென்று தெரியும். அப்போது ரொம்பத் தாமதமாகிவிடும். 2011இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் மினியேச்சர் பிராண்டான சிட்டாடல் தன் மெட்டல் உருவங்கள் பலவற்றை ஃபைன்காஸ்ட் என்ற ரெசினுக்கு மாற்றியபோது எழுந்த பெரிய புகார் இந்தக் குமிழிகள்தான். தட்டையான இடத்தில் குழி இருந்தால் எபாக்ஸி மாவு (இரண்டு பாகத்தைப் பிசைந்தால் கெட்டியாக இறுகும் மாவு) வைத்து நிரப்பிவிடலாம். முகத்தில் இருந்தால் மாற்றுப் பிரதி கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பிரின்ட் ரெசினில் குமிழி இருக்காது. அடுக்குக் கோடும் தாங்கி நின்ற தூண்களின் தழும்பும் இருக்கும். ஓர் அடுக்கு 0.05 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்பதால் நல்ல பிரின்டில் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வளைந்த பரப்புகளில், குறிப்பாக ஹெல்மெட், கேடயம் ஆகியவற்றில் பெயின்ட் ஓடும்போது படிக்கட்டு தெரியலாம். தூண்கள் இருந்த தழும்புகள் உருவத்தின் அடியிலும் அங்கியின் உள்பக்கத்திலும் இருந்தால் கவலையில்லை. முழங்கை, முகவாய் போன்ற கண்ணில் படும் இடத்தில் இருந்தால் பிரின்ட் செய்தவர் உருவத்தைச் சரியான கோணத்தில் சாய்க்கவில்லை என்று அர்த்தம். அவரிடம் மொத்தப் படையையும் ஆர்டர் செய்யும் முன் ஒன்றிரண்டு வாங்கிப் பாருங்கள்.

உடையும் தன்மை பிரின்டுக்குப் பிரின்ட் மாறும். தேவைக்கு மேல் புற ஊதா ஒளி காட்டினால் மொறுமொறுப்பாகிவிடும். கொஞ்சம் நெகிழ்வான ரெசினைக் கலந்து அடிப்பவர்களும் உண்டு. விளையாடுவதற்காக வாங்குவதாக இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே குடைந்த பெரிய பிரின்ட் என்றால் கூடுதலாக ஒன்று. அடியில் வடிகால் துளை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இறுகாத திரவம் உள்ளே மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. மாதங்கள் கழித்து அது உருவத்தை உள்ளிருந்தே விரிசல்விட வைக்கும்.

படி 5: இப்போது முடிவெடுங்கள்

முதல் படியில் எழுதிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

6 அல்லது 10 மி.மீ. என்றால் நான் யோசிக்காமல் மெட்டல் என்பேன். பாக்கஸ் நிறுவனத்தின் 6 மி.மீ. வீரர்களும் பென்ட்ராக்கனின் 10 மி.மீ. வீரர்களும் மெட்டல்தான். இவ்வளவு சின்ன உருவத்தில் துண்டு துண்டாக ஒட்ட ஒன்றும் இல்லை, எடையும் பாரமாகத் தெரியாது. 6 மி.மீ.யில் ஒரு பட்டையில் பலர் சேர்ந்தே நிற்பார்கள். அப்படியே பெயின்ட் அடித்து, அப்படியே பேஸில் (உருவம் நிற்கும் அடித்தட்டு) ஒட்டிவிடலாம். 15 மி.மீ. நடுநிலம். மெட்டலும் சரி, பிளாஸ்டிக்கும் சரி. நீங்கள் ஆட நினைக்கும் காலகட்டத்துக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

28 மி.மீ. அளவில்தான் தேர்வு சுவாரசியமாகிறது. ஒரு மெட்டல் காலாள் சுமார் 15 முதல் 20 கிராம் இருப்பான். வெள்ளீயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏழு மடங்குக்கு மேல். பாலிஸ்டைரீனும் ரெசினும் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதாவது நூறு மெட்டல் வீரர்கள் ஒன்றரை முதல் இரண்டு கிலோ; அதே நூறு பேர் பிளாஸ்டிக்கில் முந்நூறு கிராமுக்குள். வாரா வாரம் சுமக்கப்போகிறவருக்கு இந்தக் கணக்கே தீர்ப்பு சொல்லிவிடும்.

ஆகவே வரிசையில் நிற்கும் சாதாரண வீரர்களுக்குக் கடினப் பிளாஸ்டிக். விக்ட்ரிக்ஸ், பெர்ரி, வார்லார்ட் ஆகிய நிறுவனங்களின் பெட்டிகளைப் பாருங்கள். ஒரே பெட்டிக்குள் கைகளையும் தலைகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். முப்பது பேரில் இரண்டு பேர்கூட ஒரே மாதிரி நிற்க வேண்டியதில்லை. வேறொரு பெட்டியின் தலையை இந்த உடலில் வைக்கவும் ஒரு வெட்டு, ஒரு சொட்டு சிமென்ட் போதும். இந்தச் சுதந்திரத்தை மெட்டல் தராது.

தளபதி, கொடி ஏந்துபவன், முரசு அடிப்பவன், பீரங்கிக்காரர்கள் என்று ஓரிருவர் மட்டும் தேவைப்படும் இடத்தில் மெட்டல் வாங்கலாம். பெர்ரியே இப்படித்தான் செய்கிறது: காலாட்படை பிளாஸ்டிக்கில், பல தளபதிகளும் அபூர்வமான பிரிவுகளும் மெட்டலில். இரண்டும் ஒரே சிற்பிகளின் கைவேலை என்பதால் பக்கத்தில் வைத்தால் பொருந்திப்போகும். நிறுவனம் மாறினால் அந்த உறுதி கிடையாது. 28 என்று போட்டிருந்தாலும் ஒருவர் செய்யும் வீரன் மெலிந்து நிற்பான், இன்னொருவருடையவன் பெரிய தலையும் தடித்த மணிக்கட்டுமாக இருப்பான்.

குதிரைப்படை கொஞ்சம் யோசிக்க வைக்கும். மெட்டல் குதிரையின் மெல்லிய கால்கள் மேலே இருக்கும் எடையைச் சுமக்க வேண்டும். பேஸ் சின்னதாக இருந்தால் கவிழும், கணுக்காலில் வளையும். பெரும் குதிரைப்படைக்குப் பிளாஸ்டிக்கே நிம்மதி.

டிராகன், ராட்சதன், பெரிய டாங்கி போன்றவற்றை மெட்டலில் வாங்காதீர்கள். பழைய காலத்து மெட்டல் டிராகனின் இறக்கைகளை ஒட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக்கில் இருந்தால் பிளாஸ்டிக், இல்லையென்றால் ரெசின். டாங்கியின் அடிப்பாகம் போன்ற கனமான ஒற்றைத் துண்டுகளுக்கு ரெசின் மிக நன்றாக ஒத்துவரும். மெல்லிய பகுதி இல்லாததால் உடையவும் வழியில்லை.

கண்ணாடி அலமாரியில் நிற்கப்போகிற, நிதானமாகப் பெயின்ட் அடிக்கப்போகிற ஒற்றை உருவத்துக்கு நல்ல ரெசினுக்கு ஈடு இல்லை. கண்ணிமை, தையல், மோதிரம் வரை தெரியும். அதே உருவத்தை ஒவ்வொரு வாரமும் மேசையில் இறக்குவதாக இருந்தால், முதலில் அந்த வாளின் தடிமனைப் பாருங்கள்.

நீளமான, மெல்லிய ஆயுதங்கள்தான் உண்மையான சோதனை. மெட்டல் ஈட்டி வளையும். நிமிர்த்தலாம், ஆனால் திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் அதே இடத்தில் ஒடியும். கடினப் பிளாஸ்டிக் ஈட்டி கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு முறியும். ரெசின் ஈட்டி எச்சரிக்கையே தராமல் உடையும். பிவிசி ஈட்டி உடையாது, நேராகவும் நிற்காது. ஈட்டிப்படை திரட்டுவதாக இருந்தால் உருவம் எதுவானாலும் ஈட்டியை மட்டும் எஃகுக் கம்பியில் வைத்துவிடுவதே நல்லது. முனை கையைக் குத்தும், அதை மட்டும் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள்.

படி 6: பொருளுக்கு ஏற்ற கருவி

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிப்பர் (துண்டுகளை வெட்டும் சின்னக் குறடு), ஒரு மாடலிங் கத்தி, சூப்பர் க்ளூ போதும். கடினப் பிளாஸ்டிக்குக்கு மெல்லிய தூரிகையோடு வரும் பிளாஸ்டிக் சிமென்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்டலுக்குச் சிறிய அரங்கள், 0.8 அல்லது 1 மி.மீ. துளைக்கும் கை டிரில், பித்தளைக் கம்பி. ரெசினுக்கு உப்புத்தாள், ஒரு கிண்ணம் தண்ணீர், தூசியைத் தடுக்கும் முகமூடி. எபாக்ஸி மாவு மூன்றுக்கும் உதவும்.

படி 7: சுத்தம் செய்து ஒட்டுதல்

மெட்டலையும் வார்ப்பு ரெசினையும் முதலில் கழுவுங்கள். அச்சிலிருந்து சுலபமாக வெளிவருவதற்காகத் தடவிய பூச்சு மேலே படிந்திருக்கும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத்பிரஷ். ரெசினில் இதைத் தவிர்த்தால் பெயின்ட் தகடாக உரியும். நன்றாகக் காயவிடுங்கள். பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு அவசியம் இல்லை என்றாலும் கழுவுவதில் நஷ்டமில்லை.

அச்சுக்கோட்டை எடுப்பது அடுத்த வேலை. கடினப் பிளாஸ்டிக்கில் கத்தியின் முதுகால் சுரண்டினாலே போதும், மெல்லிய சுருளாக வரும். மெட்டலில் அரம். ரெசினில் ஈர உப்புத்தாள்.

வளைந்துபோன ரெசின், பிவிசி துண்டுகளைக் கொதிநீருக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் சில விநாடிகள் வைத்து, நிமிர்த்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் அமுக்குங்கள். வடிவம் நின்றுவிடும். மெட்டலை விரலாலேயே மெல்ல மெல்ல நிமிர்த்தலாம்.

மெட்டல் உருவத்தில் கை தனியாக வந்தால் சூப்பர் க்ளூவை மட்டும் நம்பாதீர்கள். இறுகிய சூப்பர் க்ளூ இழுவையைத் தாங்கும், பக்கவாட்டு அடியைத் தாங்காது. உள்ளே ஊசிபோல் ஒரு கம்பி வைத்து ஒட்ட வேண்டும். முதலில் தோளில் நடுவாக ஒரு சின்னத் துளை போடுங்கள். டிரில்லை விரலால் உருட்டி, அவ்வப்போது வெளியே எடுத்து உலோகத் துகளைத் தட்டிவிட்டு, மூன்று நான்கு மி.மீ. ஆழம் போனால் போதும். அந்தத் துளையைச் சுற்றி ஒரு துளி ஈரப் பெயின்ட் வைத்து, கையைச் சரியான கோணத்தில் ஒருமுறை அமுக்கி எடுங்கள். எதிர்ப்பக்கத்தில் பெயின்ட் வளையம் பதிந்திருக்கும். அதன் நடுவில் இரண்டாவது துளை. பித்தளைக் கம்பியை ஒரு பக்கம் ஒட்டிக் காயவிட்டு, பொருத்திப் பார்த்து, நீளத்தைக் கத்தரித்து, அப்புறம்தான் மறுபக்கத்தை ஒட்ட வேண்டும். துளைகள் நேருக்கு நேர் வரவில்லை என்றால் கம்பியைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம். பித்தளை இடம் கொடுக்கும். இப்படி ஒட்டிய கை, உருவம் மேசையிலிருந்து விழுந்தாலும் கழன்று வராது. கனமான ரெசின் துண்டுகளுக்கும் இதே முறைதான், துளைக்கும்போது மட்டும் அழுத்தாமல் விடுங்கள்.

கடினப் பிளாஸ்டிக்குக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. இரண்டு பக்கமும் சிமென்ட் தடவி, பத்துப் பதினைந்து விநாடி பிடித்தால் முடிந்தது. அதிகமாக ஊற்றினால் விவரங்களே உருகிவிடும், அவ்வளவுதான் எச்சரிக்கை. முதல் படை சேர்க்கிறவர்களுக்குப் பிளாஸ்டிக்கை நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இந்த எளிமைதான். சிமென்ட் இறுகும் முன் சில நிமிடம் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கிறது.

படி 8: பிரைமர், பெயின்ட், வார்னிஷ்

பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அடித்தளம்தான் மாறும். கடினப் பிளாஸ்டிக்குக்கும் ரெசினுக்கும் சாதாரண ஸ்ப்ரே பிரைமர் போதும். பிவிசியில் சில ஸ்ப்ரேக்கள் காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். அதற்குத் தூரிகையால் பூசும் பிரைமர் பாதுகாப்பானது. பேஸின் அடியில் சோதித்துப் பாருங்கள், மறுநாளும் விரலில் ஒட்டினால் அந்த ஸ்ப்ரே வேண்டாம்.

மெட்டலில் பெயின்ட் உதிர்வது மூக்கு, முழங்கால், துப்பாக்கி முனை ஆகிய இடங்களில். உருவம் கனமாக இருப்பதால் சின்னதாக இடித்தாலும் அடி பலமாக விழுகிறது. பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, அது காய்ந்த பிறகு மங்கலான வார்னிஷ் ஒரு பூச்சு. முதலாவது பாதுகாப்புக்கு, இரண்டாவது பளபளப்பை மறைக்க. மெட்டல் படையைத் தொட்டு ஆடுகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

படி 9: உடம்பைக் காக்க

பழைய மெட்டல் உருவங்களில் ஈயம் இருக்கும். 1990களில் பெரிய நிறுவனங்கள் ஈயம் இல்லாத கலவைக்கு மாறின. சிறு நிறுவனங்கள் சில இன்றும் ஈயம் கலக்கின்றன. ஈயம் என்றால் தொட்டவுடன் ஆபத்து என்றில்லை, ஆனால் ராவிய தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்து எறியுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். அந்த மேசையில் சாப்பிடாதீர்கள். சிறு குழந்தைகள் கைக்கு ஈய உருவம் போகவே கூடாது.

ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெட்டது. உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்காது, முகமூடியும் போடுங்கள். பிரின்டரை நீங்களே வைத்திருந்தால் இறுகாத திரவத்தை வெறும் கையால் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான அறை இரண்டும் கட்டாயம். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் போகாது.

படி 10: வைக்கவும் கொண்டுபோகவும்

மெட்டல் படைக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குழி உள்ள ஸ்பாஞ்ச் தட்டு நல்லது. காந்தத்தை நம்பினால் பெட்டி ஆடும்போது கனம் காந்தத்தை வென்றுவிடும். பிளாஸ்டிக், ரெசின் உருவங்களின் பேஸுக்கு அடியில் சின்னக் காந்தம் ஒட்டி இரும்புத் தகடு போட்ட பெட்டியில் நிறுத்தினால் எதிலும் உரசாமல் வந்து சேரும். ரெசினுக்கு இதுதான் மிகச் சிறந்த வழி, ஸ்பாஞ்சிலிருந்து பிடுங்கும்போதுதான் வாள்கள் ஒடிகின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் ரெசினையும் பிவிசியையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், வளைந்துவிடும்.

ஈயம் கலந்த பழைய உருவங்களை ஓக் மர அலமாரியில் மூடி வைக்க வேண்டாம். மரத்திலிருந்து வெளிவரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். அந்தத் தூளும் நச்சுதான்.

படி 11: பழையதை வாங்கும்போது

பெயின்ட் அடித்த பழைய உருவம் எந்தப் பொருள் என்று கண்ணால் சொல்வது கஷ்டம். கையில் எடுத்தால் மெட்டலின் எடை உடனே காட்டிக்கொடுக்கும். எடை இல்லையென்றால் ஆயுதத்தை லேசாக அழுத்திப் பாருங்கள்: வளைந்து திரும்பினால் பிவிசி, கெட்டியாக நின்றால் கடினப் பிளாஸ்டிக் அல்லது ரெசின். இந்த இரண்டையும் பிரிக்க, உருவத்தின் அடியில் மறைவான இடத்தில் ஒரு புள்ளி பிளாஸ்டிக் சிமென்ட் வையுங்கள். பரப்பு இளகினால் பாலிஸ்டைரீன்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பெயின்ட்டை உரிக்க இறங்கக் கூடாது. மெட்டலை அசிட்டோனில் போட்டால் பெயின்ட் கழன்று உலோகம் அப்படியே நிற்கும். பாலிஸ்டைரீனை அதே அசிட்டோனில் போட்டால் கூழாகிவிடும். கடினப் பிளாஸ்டிக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏற்றது. ஊறவைத்து டூத்பிரஷால் தேய்த்தால் போதும். ரெசினுக்கு எந்தத் திரவமானாலும் முதலில் ஒரு உடைந்த துண்டிலோ பேஸின் அடியிலோ சோதியுங்கள், குறைந்த நேரத்துக்கு வைத்து எடுங்கள். மெட்டல் உருவத்தின் தலையோ கையோ பிளாஸ்டிக்கில் மாற்றப்பட்டிருக்கவும் கூடும். அசிட்டோனில் இறக்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்து, உள்ளே மின்னுவது உலோகம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.